லே தான் தொங் அரசரின் சட்டத்தைப் படிக்கப் போகிறீர்களா? என்னென்ன வேண்டும், எவ்வளவு நாளாகும்

வியட்நாமை 1460 முதல் 1497 வரை ஆண்ட லே தான் தொங் காலத்துச் சட்டத்தொகுப்பில் மனிதநேயம் எங்கெங்கே வெளிப்படுகிறது என்று இருபது பக்கக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருந்தது. ஒரு மாதம் போதும் என்று நினைத்தேன். நான்கரை மாதம் ஆகிவிட்டது. அதில் பாதிக்கு மேல், வேறொரு அரசரைப் பற்றிய குறிப்பு, பிழையான மொழிபெயர்ப்பு, அவசரப்பட்டு எழுதிய புகழுரை என்று நானே செய்துவைத்த தவறுகளைத் திருத்துவதிலேயே போனது. வழி தெரிந்திருந்தால் தினமும் ஒன்றரை மணி நேரம் வைத்து ஆறு வாரத்தில் முடித்திருக்கலாம். சட்டம் படித்திருக்க வேண்டும் என்றில்லை. வியட்நாமிய மொழி தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். ஆனால் எந்த வரிசையில் படிக்கிறீர்கள் என்பது முக்கியம்.

1. எந்த அரசர் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள் (அரை நாள்)

இங்கேதான் எனக்கு முதல் அடி விழுந்தது. "குளிர்காலத்தில் கம்பளி போர்த்திக் கணப்பருகே இருக்கும் எனக்கே இப்படிக் குளிர்கிறதே, சிறையில் கிடப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள்" என்று வருந்தி, கைதிகளுக்குப் போர்வையும் தினம் இரண்டு வேளை உணவும் கொடுக்கச் சொன்ன அரசரைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். அந்தச் செய்தி 1055ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த அரசர் லீ தான் தொங், லீ வம்சத்தவர். நான் எழுத வேண்டியவர் லே தான் தொங், நானூறு ஆண்டு பிந்தியவர். நம் எழுத்தில் 'லீ', 'லே' என்று ஓர் உயிர்க்குறிதான் வித்தியாசம். அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்துப் போட்டேன்.

குழப்பம் இதோடு நிற்காது. லே வம்சத்துக்குள்ளேயே நம்மவரின் அப்பா லே தாய் தொங், பாட்டனார் லே தாய் தோ. மூன்று பெயரையும் வேகமாகப் படித்தால் ஒன்றுபோலவே இருக்கும். எனவே பெயரை மட்டும் நம்பாமல் ஆட்சிப் பட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். இவருக்கு இரண்டு பட்டங்கள்: 1460 முதல் 1469 வரை குவாங் துவான், 1470 முதல் 1497 வரை ஹோங் டுக். ஒரு குறிப்பில் இவற்றில் ஒன்று இருந்தால் சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள்.

சட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. மக்கள் வழக்கில் அது ஹோங் டுக் சட்டம். ஏட்டில் உள்ள பெயர் குவோக் சியூ ஹிஞ் லுவாத், அதாவது அரசவம்சத்தின் தண்டனைச் சட்டம். இணையத்தில் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். வியட்நாமிய எழுத்தில், மேலும் கீழும் வரும் குறிகளோடு, எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டுவது நல்லது. குறியில்லாமல் தேடினால் ஹோங் டுக் என்ற பெயருள்ள மருத்துவமனைகளும் பள்ளிகளும்தான் வரிசையாக வந்து நிற்கும்.

2. கையில் இருக்க வேண்டிய நூல்கள், அவற்றின் செலவு (ஒரு வாரம்)

மூலம் சீன எழுத்தில் இருக்கிறது. நமக்குத் திறந்திருக்கும் வழிகள் மூன்று.

வியட்நாமிய மொழிபெயர்ப்பு. 1991இல் ஹனோயில் அச்சானது. இதன் வாசகம் இணையத்தில் செலவில்லாமல் கிடைக்கிறது. பிரிவு எண்களைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. டெலுஸ்தால் என்பவர் 1908 முதல் பல ஆண்டுகள் தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் இதழில் பகுதி பகுதியாக வெளியிட்டார். பெர்சே என்ற பிரெஞ்சு இணையக் களஞ்சியத்தில் இலவசம். பிரெஞ்சு தெரியாதவர்கள் செயலி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆங்கில மொழிபெயர்ப்பு. நுயென் ங்கோக் ஹுய், தா வான் தாய் ஆகிய இருவரும் செய்து 1987இல் ஒஹையோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட மூன்று தொகுதிகள். பழைய புத்தகச் சந்தையில் விலை அதிகம், வாங்காதீர்கள். பல்கலைக்கழக நூலகம் வழியாக நூலகங்களுக்கிடையேயான இரவல் கேளுங்கள். எனக்கு வந்துசேர மூன்று வாரம் ஆனது. அதனால் முதல் நாளே விண்ணப்பித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். குறிப்புகள் இருக்கும் தொகுதியையும் சேர்த்தே கேளுங்கள். நான் முதல் தொகுதியை மட்டும் கேட்டு, திருப்பிக் கொடுத்து, மறுபடி விண்ணப்பித்ததில் இன்னொரு மூன்று வாரம் போயிற்று. சீனச் சட்டத்தோடு ஒற்றுமை எங்கே, வேற்றுமை எங்கே என்பதெல்லாம் குறிப்புகளில்தான் இருக்கிறது. அவை இல்லாமல் ஆறாவது படியைச் செய்யவே முடியாது.

எனக்கு ஆன செலவு நூலகக் கட்டணமும் நகலெடுத்ததும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்தான்.

3. சில பழைய சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள் (இரண்டு நாள்)

செயலியை நம்பி நேரடியாக மொழிபெயர்க்கக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். இவை பழைய சட்டச் சொற்கள். இன்றைய வியட்நாமியத்தில் வேறு பொருளில் புழங்குகின்றன.

'லியூ' என்றால் இங்கே நாடுகடத்தல். இன்றைய கைப்பேசியில் அதே சொல் 'சேமி' என்று வரும். 'டோ' என்றால் கட்டாய உழைப்புத் தண்டனை. இன்றைய பேச்சில் 'பொருள், சாமான்'. 'பியெம்' என்றால் பதவிப் படியிறக்கம்; இன்று அந்தச் சொல் பெரும்பாலும் கேலிச்சித்திரம் என்ற கூட்டுச்சொல்லில்தான் வருகிறது. 'பியெம் ஒரு தூ' என்றால் ஒரு படி இறக்கம். எல்லாவற்றையும்விட மோசமானது 'குவான்'. அதிகாரிக்கும் அதே சொல், 600 காசு கோத்த பணச்சரத்துக்கும் அதே சொல். லஞ்சம் பற்றிய 138ஆம் பிரிவில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். பத்து அதிகாரிகளை லஞ்சமாக வாங்கினால் என்ன தண்டனை என்று செயலி எனக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது.

ஐந்து வகைத் தண்டனையையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்: பிரம்படி (10 முதல் 50), தடியடி (60 முதல் 100), கட்டாய உழைப்பு, நாடுகடத்தல், மரணம். தடியடி ஆண்களுக்கு மட்டும். முதல் பிரிவிலேயே இருக்கும் இந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

4. 722 பிரிவையும் வரிசையாகப் படிக்காதீர்கள் (இரண்டு வாரம்)

மொத்தம் 13 அத்தியாயம், 722 பிரிவு. ஒன்றாம் பிரிவிலிருந்து தொடங்கினால் 50ஆம் பிரிவு தாண்டியதும் அரண்மனைக் காவல் விதிகளில் சிக்கிக்கொள்வீர்கள். நான் பத்து நாள் சிக்கியிருந்தேன். என் கட்டுரைக்கு அதிலிருந்து ஒரு வரிகூடத் தேறவில்லை.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் பொது விதிகள் (பிரிவு 1 முதல் 49 வரை). இதைத் தாண்டிப் போக முடியாது. அடுத்து குடும்பம், திருமணம் பற்றிய அத்தியாயம் (58 பிரிவு). பிறகு நிலவுடைமை (59 பிரிவு). அப்புறம் நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். அது விசாரணை, தீர்ப்பு, சிறை பற்றியது, 65 பிரிவு. இந்த நான்கும் சேர்ந்து 231 பிரிவு. தினம் 20 பிரிவு படித்தால் பன்னிரண்டு நாளில் முடியும். அதிகாரிகளின் தவறுகள் பற்றிய மூன்றாம் அத்தியாயம் மிகப் பெரியது, 144 பிரிவு. அதைத் தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாம்.

ஆண்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பல இடங்களில் '1483இல் இயற்றப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 722 பிரிவும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலவுடைமை அத்தியாயத்திலேயே 'புதிதாகச் சேர்த்தவை' என்ற தலைப்பில் 14 பிரிவும், முன்னோர் வழிபாட்டு நிலம் பற்றிப் பிறகு சேர்ந்த இரண்டு பகுதிகளும் தனியாகத் தெரியும். முந்தைய அரசர்களின் விதிகளும் இதில் கலந்திருக்கின்றன. 'லே தான் தொங் காலத்தில் தொகுத்து நிலைப்பட்ட சட்டம்' என்று எழுதினால் பாதுகாப்பு.

5. மனிதநேயத்தைத் தேட வேண்டிய இடம் (ஒரு வாரம், அவசரப்படாதீர்கள்)

இரக்கம், அன்பு, கருணை என்ற சொற்களைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் தேடினேன், கிடைத்தது கொஞ்சம்தான். இந்தச் சட்டத்தில் ஏழை எளியவர் மீதான அக்கறை, அதிகாரிக்கு விதித்த தண்டனையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் 'இதைச் செய்யத் தவறினால் அடி யாருக்கு?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு முதல் வாரமே தோன்றியிருந்தால் இந்த வழிகாட்டிக்கே தேவை இருந்திருக்காது.

294ஆம் பிரிவிலிருந்து தொடங்குங்கள். தெருவிலோ பாலத்திலோ சத்திரத்திலோ கோயிலிலோ கவனிக்க ஆளில்லாமல் ஒருவர் நோயுற்றுக் கிடந்தால், அந்த ஊர் அதிகாரி குடிசை போட்டு, சோறும் கஞ்சியும் மருந்தும் கொடுத்து, அவரைப் பிழைக்கவைக்கப் பார்க்க வேண்டும். முனகிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. இறந்துபோனால் மேலதிகாரியிடம் சொல்லி அடக்கம் செய்ய வேண்டும். உடல் வெளியே கிடக்கக் கூடாது. மீறினால் படியிறக்கம் அல்லது பதவி பறிப்பு. அடுத்த 295ஆம் பிரிவு மனைவியை இழந்தவர், கைம்பெண், அனாதை, கடும் ஊனமுற்றவர் ஆகியோரில் ஆதரவற்றவர்களைப் பற்றியது. அவர்களை ஏற்றுப் பராமரிக்காத அதிகாரிக்கு 50 பிரம்படி, ஒரு படி இறக்கம். அவர்களுக்கு வந்த சோற்றிலும் துணியிலும் கைவைத்தால், காவலில் இருக்கும் பொதுச் சொத்தைத் திருடிய குற்றம். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆதரவற்றவர் தட்டிலிருந்து எடுப்பது களஞ்சியத்திலிருந்து எடுப்பதற்குச் சமம் என்று எழுதியவர்களுக்குக் கஞ்சித்தொட்டியில் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்து 16, 17ஆம் பிரிவுகள். 70 வயதுக்கு மேல், 15 வயதுக்குள், ஊனமுற்றவர் என்றால் நாடுகடத்தல் வரையிலான தண்டனையைப் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். 80க்கு மேலோ 10க்குள்ளோ இருந்தால் மரணதண்டனை வழக்கு அரசரின் முடிவுக்குப் போகும். 90க்கு மேலும் 7க்குள்ளும் மரணதண்டனைக் குற்றமானாலும் தண்டனை இல்லை. 17ஆம் பிரிவு இதை இன்னும் நுணுக்கமாக்குகிறது. சிறுவயதில் செய்த குற்றம் வளர்ந்தபின் வெளிப்பட்டால், சிறுவனாகவே தீர்ப்பு. இளமையில் செய்தது முதுமையில் வெளிப்பட்டால், முதியவராகவே தீர்ப்பு. எந்தப் பக்கம் சாய்ந்தால் தண்டனை குறையுமோ அந்தப் பக்கம்.

680ஆம் பிரிவு: மரணதண்டனை பெற்ற பெண் கருவுற்றிருந்தால், பிள்ளை பெற்று 100 நாள் ஆகும்வரை தண்டனையை நிறைவேற்றக் கூடாது. அதே அத்தியாயத்தில், கைதியை மூன்று முறைக்கு மேல் அடித்து விசாரிக்கக் கூடாது, மொத்தம் 100 அடியைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு உண்டு. சித்திரவதை அன்றைக்கு விசாரணையின் பகுதி. அதற்கு ஓர் எல்லை போட்டார்கள். அந்த அளவுக்கே எழுதுங்கள்.

பெண்களைப் பற்றிய 308ஆம் பிரிவைத் தவறவிடாதீர்கள். கணவன் மனைவியிடம் ஐந்து மாதம் வராமல் விட்டுவிட்டால், அவள் அதிகாரியிடம் முறையிட்டு, ஊர் அதிகாரி சாட்சி சொன்னால், அவன் மனைவியை இழக்கிறான். பிள்ளை இருந்தால் கெடு ஓராண்டு. அரசுப் பணியாகத் தொலைதூரம் போனவனுக்கு இது பொருந்தாது. பிரிந்தபின் அவள் மறுமணத்தைத் தடுத்தால் அதற்கும் தண்டனை. கெடு, சாட்சி, விதிவிலக்கு என்று எல்லாமே இருப்பதைப் பாருங்கள். 391ஆம் பிரிவில், மூத்த மகன் இல்லாவிட்டால் முன்னோர் வழிபாட்டு நிலம் மூத்த மகளிடம் போகிறது. அந்த நிலத்தின் அளவு சொத்தில் இருபதில் ஒரு பங்கு.

அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவுகளில் இரண்டு போதும். 316: தன் ஆளுகைக்குட்பட்ட ஊரில் பெண்ணெடுக்கும் அதிகாரிக்கு 70 தடியடி, மூன்று படி இறக்கம், பதவி நீக்கம். 138: லஞ்சம் 1 முதல் 9 குவான் என்றால் படியிறக்கம் அல்லது நீக்கம், 10 முதல் 19 என்றால் கட்டாய உழைப்பு அல்லது நாடுகடத்தல், 20 தாண்டினால் தலை போகும்.

6. 'உலகிலேயே முதன்முறை' என்று எழுதுமுன் சீனச் சட்டத்தைப் பாருங்கள் (ஒரு வாரம்)

பலர் விழும் பள்ளம் இது. நானும் விழுந்தேன். மேலே சொன்ன வயதுச் சலுகையும் கருவுற்ற பெண்ணுக்கான 100 நாளும் ஏழாம் நூற்றாண்டுச் சீனாவின் தாங் வம்சச் சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. 295ஆம் பிரிவின் உள்ளடக்கம், சோற்றில் கைவைப்பது பற்றிய வரி உட்பட, பிந்தைய சீன வம்சமான மிங் சட்டத்தில் உண்டு. அங்கே தண்டனை 60 தடியடி. இங்கே 50 பிரம்படியும் பதவியிறக்கமும். இப்படிப்பட்ட சிறு மாற்றங்களைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாறாக, ஐந்து மாதக் கெடுவும் மூத்த மகளின் பங்கும் உள்ளூர் வழக்கத்தை ஒட்டியவை. வியட்நாமின் சொந்தக் குரல் என்று சொல்ல வேண்டுமானால் அங்கிருந்து சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது: ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். பிரிவு எண், தாங்கில் உண்டா, மிங்கில் உண்டா. ஆங்கிலப் பதிப்பின் குறிப்புகள் இதற்கு உதவும். பதினைந்து பிரிவுக்குச் செய்தால் போதும். கடன் வாங்கிய சட்டம் என்பதால் மதிப்பு குறையாது. நூற்றுக்கணக்கான பிரிவுகளிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது, எதை மாற்றுவது என்பதில் அரசின் மனம் தெரியும்.

7. கடுமையான பக்கத்தையும் கட்டாயம் சேருங்கள் (மூன்று நாள்)

இதை விட்டுவிட்டால் உங்கள் கட்டுரையை விவரம் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார்கள். அணு அணுவாக வெட்டிக் கொல்லும் தண்டனை இதே சட்டத்தில் இருக்கிறது. மன்னிப்பில்லாத பத்துப் பெருங்குற்றங்கள் 2ஆம் பிரிவில், அரச உறவினருக்கும் உயர்ந்தோருக்குமான எட்டுச் சலுகைகள் 3ஆம் பிரிவில். அடிமை முறை உண்டு. ஆணுக்குப் பல மனைவியர் உண்டு.

308ஐ எழுதினால் 321ஐயும் பக்கத்திலேயே எழுதுங்கள். கணவன் ஐந்து மாதம் விலகினால் மனைவியை இழப்பதோடு சரி. மனைவி தானாக வீட்டைவிட்டுப் போனால் அரசின் சமையற்கூடத்தில் கட்டாய உழைப்பு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் அந்தக் காலத்துப் பெண்ணின் நிலை வாசகருக்குச் சரியாகப் புரியும்.

அரசரின் வாழ்க்கையும் அப்படித்தான். 1442இல் மூன்று தலைமுறை உறவினரோடு கொல்லப்பட்ட அறிஞர் நுயென் சாய் மீதான பழியை 1464இல் இவர் துடைத்தார். 1471இல் தெற்கே இருந்த சம்பா நாட்டின் தலைநகர் விஜயாவை அழித்ததும் இவர்தான்; பல்லாயிரம் பேர் இறந்தனர், பல்லாயிரம் பேர் சிறைப்பட்டனர். ஒன்றை வைத்து மற்றொன்றை மறைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒவ்வொரு பத்தி ஒதுக்குங்கள்.

8. ஹனோய் போக முடிந்தால் (விருப்பம் உள்ளவர்களுக்கு)

போகாமலே கட்டுரை எழுதிவிடலாம். போனால் இரண்டு இடம்.

முதலில் விசா. மின்விசா 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மூன்று வேலைநாள் என்பார்கள். இரண்டு வாரம் முன்பே போடுங்கள். அரசுத் தளம்போலவே தோன்றும் முகவர் தளங்கள் தேடலில் மேலே வரும், கூடுதலாகப் பணம் வாங்கும். முகவரி அரசுத் தளத்துக்குரியதாக முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் செலுத்துங்கள். இன்னொன்று, நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் முதலெழுத்து விரிந்து அப்பா பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டின் கீழே உள்ள இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். நண்பர் ஒருவர் அழைக்கும் பெயரைப் போட்டு, மறுபடி பணம் கட்டி விண்ணப்பித்தார்.

சீன எழுத்திலும் பழைய வியட்நாமிய எழுத்திலும் உள்ள ஏடுகளைக் காக்கும் ஹான் நோம் ஆய்வு நிறுவனத்தில் சட்டத்தின் பழைய பிரதிகள் உள்ளன; ஏ.341 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம், அதன் வியட்நாமிய மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட் நகல் இல்லாமல் போகாதீர்கள். மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வந்தபின் பயணச்சீட்டு எடுங்கள்.

அடுத்து வான் மியூ, இலக்கியக் கோயில். நான் போனபோது நுழைவுக் கட்டணம் 70,000 டாங். தேர்வில் வென்றவர்களின் பெயர் பொறித்த 82 கற்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆமையின் முதுகில் நிற்கின்றன. இந்த வழக்கத்தை 1484இல் தொடங்கியவர் லே தான் தொங். நீங்கள் தேட வேண்டியது 1442ஆம் ஆண்டுத் தேர்வுக்கான கல். அறிவும் பண்பும் உள்ளவர்களே நாட்டின் உயிர்மூச்சு என்று அதில் எழுதியவர், தான் ன்யான் சுங் என்ற அறிஞர். கற்களைச் சுற்றித் தடுப்பு இருப்பதால் கிட்டே போய்ப் படிக்க முடியாது, எழுத்தும் தேய்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பட்டமளிப்பு உடையில் படம் எடுக்க மாணவர் கூட்டம் வந்துவிடும், அதற்குள் அந்தக் கல்லின் எதிரே நின்று மொழிபெயர்ப்பை நிதானமாகப் படித்துவிடலாம்.